பழைய வான்படத்தில் எங்கள் தோட்டத்துத் தூங்குமூஞ்சி மரங்கள்: குடை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளப்பது எப்படி?

லயத்துப்பிள்ளை
செவ்வாய், இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். இன்று அதைத் தோட்டம் என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை. பாதி செம்பனை, பாதி தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களை இடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. இன்னும் நிற்பவை மாரியம்மன் கோயில், வட்டமான கான்கிரீட் தண்ணீர்த் தொட்டி ஒன்று, கோயிலுக்குப் போகும் சாலை, அந்தச் சாலையோரத்தில் 11 தூங்குமூஞ்சி மரங்கள். மலாய்க்காரர்கள் புக்குல் லீமா என்பார்களே, சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் இலையை மூடிக்கொள்ளும், அந்த மரம்தான்.

சாலையை அகலப்படுத்தும் திட்டம் வந்திருக்கிறது. மரங்களை என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "அதெல்லாம் எண்பதுகளில் நட்ட மரம், பழசு ஒன்றும் இல்லை" என்றார்கள். அம்மா கல்யாணமாகி 1969-இல் இந்தத் தோட்டத்துக்கு லோரியில் வந்து இறங்கியதே அந்த மரத்தடியில்தான். ஆனால் அம்மாவின் வாய்ச்சொல்லை யார் ஃபைலில் போடுவார்கள்?

கையில் ஒரு வான்படம், விமானத்திலிருந்து எடுத்தது, இருக்கிறது. தோட்ட ஆபீசை மூடியபோது அங்கே குமாஸ்தாவாக இருந்த கிராணி ஐயா ஒருவர் சுவரிலிருந்து கழற்றி எடுத்துவந்து பத்திரமாக வைத்திருந்தார். கறுப்பு வெள்ளை, கண்ணாடி ஃபிரேம் போட்டது. எந்த வருஷம் என்று எழுதியிருக்கவில்லை. கோயில் சாலை ஒரு வெள்ளை நூல் மாதிரித் தெரிகிறது, அதையொட்டி மிளகு சிந்தியது போலக் கறுப்புப் புள்ளிகள். அந்த மரங்கள்தான் என்று நினைக்கிறேன். கைத்தொலைபேசியில் படம் பிடித்துக் கூகுள் எர்த் மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு மூலை பொருந்தினால் இன்னொரு மூலை ஓடுகிறது. அன்றைக்கு மரத்தின் குடை, அதாவது கிளைகள் விரிந்த அகலம், எத்தனை மீட்டர், இன்றைக்கு எத்தனை என்று நம்பும்படி அளக்க வழி உண்டா?

அளவுச்சங்கிலி
செவ்வாய், இரவு 10.02

தங்கச்சி, நான் ஈப்போவில் நில அளவை வேலை பார்க்கிறேன். வழி உண்டு. முதலில் படத்தை ஃபிரேமிலிருந்து வெளியே எடுங்கள். கண்ணாடி மேல் தொலைபேசியில் எடுத்தால் வளைவும் வரும், பிரதிபலிப்பும் வரும். அதை வைத்து எதையும் அளக்க முடியாது. தட்டை ஸ்கேனரில் வைத்து, 1200 அல்லது 2400 டிபிஐயில், வண்ணத் திருத்தம் எதுவும் போடாமல் டிஃப் கோப்பாகச் சேமியுங்கள்.

இன்னொன்று. வான்படத்தின் ஓரத்தில் ஒரு பட்டை இருக்கும். ஃபிரேம் போடுகிறவர்கள் அழகுக்காக அதை அட்டையால் மறைத்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது. வெட்டாமல் விட்டிருந்தால் அதிர்ஷ்டம்.

நேர்க்கேள்வி
புதன், காலை 7.30

மன்னிக்கவும், மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிறேன். படம் 1970-க்கு முந்தியது என்று நிரூபித்தாலே போதாதா? எதற்கு மீட்டர் கணக்கு? அப்புறம், பழைய மரத்தை வெட்டிவிட்டு அதே இடத்தில் புதிதாக நட்டோம் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?

லயத்துப்பிள்ளை
புதன், காலை 8.05

நல்ல கேள்வி. அதைத்தான் சொல்வார்கள் என்று எனக்கும் பயம். இதற்குப் பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஃபிரேமை இன்று மாலை கழற்றுகிறேன்.

லயத்துப்பிள்ளை
புதன், இரவு 11.20

கழற்றிவிட்டேன். பின்பலகையில் எட்டு ஆணி, எல்லாம் துரு. இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தளர்த்த ஒரு மணி நேரம் ஆனது. அட்டையைத் தூக்கியதும் உள்ளே செத்த வெள்ளிப்பூச்சிகள். படத்தின் வலது கீழ் மூலையை ஒரு விரற்கடை அளவுக்குத் தின்றுவிட்டன. நல்லவேளை, சாலை அந்தப் பக்கம் இல்லை.

அண்ணன் சொன்ன பட்டை அப்படியே இருக்கிறது! அட்டைக்கு அடியில் இருந்ததால் அந்த இடம் மட்டும் மஞ்சளாகாமல் புதிது போல இருக்கிறது. அதில் ஒரு சின்னக் கடிகாரம், முள்ளோடு படமாக விழுந்திருக்கிறது. மணி 9.20. பக்கத்தில் உயரமானி, 12,600 அடி காட்டுகிறது. ஒரு நீர்மட்டக் குமிழி, கிட்டத்தட்ட நடுவில். பிறகு 152.4 என்று ஓர் எண். பெயர் தெரியாத ஒருவர் ஒரு காலைப் பொழுதில் எங்கள் லயத்துக்கு மேலே பறந்திருக்கிறார், அந்த நேரத்தைக் காட்டிய கடிகாரம் இத்தனை வருஷம் அட்டைக்கு அடியில் இருந்திருக்கிறது. கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை.

அளவுச்சங்கிலி
வியாழன், இரவு 9.40

அருமை. 152.4 என்பது கேமராவின் குவியத் தூரம், மில்லிமீட்டரில். ஆறு அங்குலம். 23 சென்டிமீட்டர் சதுரப் படம் எடுக்கும் அளவைக் கேமராக்களில் பரவலாக இருந்தது இது. குமிழி நடுவில் இருப்பதால் கேமரா கிட்டத்தட்ட நேர் கீழாகப் பார்த்திருக்கிறது.

இப்போது கணக்கு. 12,600 அடி என்றால் 3,840 மீட்டர். அது கடல் மட்டத்திலிருந்து. உங்கள் தோட்டம் சுமார் 60 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், தரையிலிருந்து விமானம் 3,780 மீட்டர். அதைக் குவியத் தூரத்தால் வகுத்தால் 24,800. அதாவது படத்தில் 1 மில்லிமீட்டர் தரையில் 24.8 மீட்டர். 20 மீட்டர் குடை விரித்த மரம் படத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. மிளகு என்று சொன்னீர்களே, அதைவிடச் சின்னது.

உயரமானியை மட்டும் நம்ப வேண்டாம். அன்றும் இன்றும் அசையாமல் இருக்கும் இரண்டு இடங்களை எடுத்து, படத்தில் ஒரு தூரம், இன்றைய செயற்கைக்கோள் படத்தில் ஒரு தூரம் பாருங்கள். ரயில் பாதை மதகு, சாலைச் சந்திப்பு போன்றவை நல்லவை. கூரை முனை, குன்றின் உச்சி வேண்டாம். உயரமாக இருப்பது எதுவும் படத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழும். நடுவிலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் 30 மீட்டர் மரத்தின் உச்சி, இந்தப் படத்தில் ஏறக்குறைய 16 மீட்டர் தள்ளித் தெரியும். தரையில் கால் ஒரு இடம், படத்தில் தலை வேறு இடம்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். அதில் படத்தைப் பொருத்தும்போது குறைந்தது எட்டுப் புள்ளி வையுங்கள். தின் பிளேட் ஸ்ப்லைன் என்று ஒரு முறை உண்டு. அது எல்லாப் புள்ளியிலும் பிழை பூஜ்யம் என்று காட்டும், பார்க்க சந்தோஷமாக இருக்கும். ஆனால் படத்தை ரப்பர் போல இழுத்துப் பொருத்துவதால் வரும் பூஜ்யம் அது. உங்கள் இடம் சமவெளி, புரொஜெக்டிவ் என்ற முறை போதும். எத்தனை மீட்டர் பிழை என்று அது உள்ளபடி சொல்லும்.

பழைய கிராணி
வெள்ளி, காலை 6.15

அந்தப் படத்தைக் கழற்றியவன் நான்தான் அம்மா. பத்திரமாக இருப்பதில் சந்தோஷம். வருஷத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான் 1968-இல் வேலைக்குச் சேர்ந்தபோது அது ஆபீஸ் சுவரில் இருந்தது. எனவே அதற்குப் பிந்தியது இல்லை.

ஏழாம் நம்பர் காட்டை, அந்த ரப்பர்ப் பகுதியைப் பார். கோயிலுக்கு வடக்கே, ஆற்றோரம். அது மொட்டையாக இருந்து கோடு கோடாகத் தெரிந்தால், பழைய ரப்பரைத் தள்ளி மறுநடவுக்கு நிலம் தயார் செய்த நேரம். நடவுப் பதிவேட்டை நான்தான் பல வருஷம் எழுதினேன். ஏழாம் நம்பரில் கன்று வைத்தது 1966.

அந்தப் பதினொரு மரத்தடியில்தான் பெரட்டு, காலையில் ஆள் கணக்கெடுப்பது. விடிவதற்கு முன்பே எல்லாரும் வந்து நிற்பார்கள். கங்காணியான மண்டோர் விளக்கைப் பிடிக்க நான் பெயர் கூப்பிடுவேன். மழை பெய்தாலும் அந்த இடத்தில் சற்று நேரம் நனையாமல் நிற்கலாம். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை அனுமதி இல்லாமல் போய், குடும்பம் குடும்பமாக ஊருக்குக் கப்பலேறினார்கள். பெயர் கூப்பிட்டால் பதில் வராத நாட்கள் அவை. அதனால் அந்த மரம் எந்த வருஷம் எப்படி இருந்தது என்பது எனக்கு மறக்காது.

லயத்துப்பிள்ளை
வெள்ளி, மதியம் 1.10

ஐயா, ஏழாம் நம்பர் மொட்டைதான். சீப்பால் வாரியது போலக் கோடுகள். அப்படியென்றால் 1965 கடைசி, இல்லை 1966 ஆரம்பம்.

இலைநரம்பு
வெள்ளி, இரவு 8.45

அக்கா, நான் செர்டாங்கில் வனவியல் படிக்கிறேன். மாதத்தையும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். மரத்தின் நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது? நேர் மேற்கா, கொஞ்சம் வடக்கே சாய்ந்து மேற்கா, தெற்கே சாய்ந்தா? அப்புறம் மற்ற ரப்பர்க் காடுகள் கெட்டியாகத் தெரிகின்றனவா, சல்லடையாகத் தெரிகின்றனவா?

லயத்துப்பிள்ளை
வெள்ளி, இரவு 9.30

நிழல் மேற்கே, ஆனால் வடக்குப் பக்கம் சற்றுச் சாய்ந்து. கோணமானி வைத்துப் பார்த்தால் மேற்கிலிருந்து 18 அல்லது 19 பாகை. ரப்பர்க் காடு நிறைய இடத்தில் சல்லடைதான், நிரையும் தரையும் தெரிகின்றன.

இலைநரம்பு
சனி, காலை 10.00

அப்படியென்றால் சூரியன் கிழக்குக்குத் தெற்கே இருந்திருக்கிறது. அது செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நடக்கும். ரப்பர் இலை கொட்டுவது பிப்ரவரி, மார்ச் வாக்கில். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பிப்ரவரி. ஐயா சொன்னதோடு சேர்த்தால் 1966 பிப்ரவரி என்று எழுதலாம். கன்று வைப்பதற்குச் சற்று முன்பு.

கடிகாரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அன்றைய மலேசிய நேரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால். 1982 ஜனவரி 1-ஆம் தேதிதான் அரை மணி கூட்டி எட்டாக்கினார்கள். ஆகவே அந்த 9.20 இன்றைய கணக்கில் 9.50. இன்றைய நேரம் என்று நினைத்துச் சூரிய உயரத்தைக் கணக்கிட்டால் தப்பாகப் போகும். சரியாகப் போட்டால், பிப்ரவரி நடுவில் அந்த நேரத்துக்குச் சுங்கை சிப்புட்டில் சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 33 பாகை. நிழல் நீளத்தை 0.65-ஆல் பெருக்கினால் மரத்தின் உயரம். படம் ஒன்றே ஒன்று இருப்பதால் நிழலை விட்டால் உயரத்துக்கு வேறு வழி இல்லை. பக்கத்துப் படமும் இருந்திருந்தால் 60 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியும், ஸ்டீரியோ கண்ணாடியில் வைத்து உயரத்தை நேரடியாகப் பார்த்திருக்கலாம்.

குடையை அளக்கும்போது கிழக்கு மேற்காக அளக்காதீர்கள். மேற்குப் பக்கம் குடை எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று கறுப்பு வெள்ளையில் பிரித்துப் பார்க்க முடியாது. வடக்கு தெற்காக அளந்தால் அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. உங்கள் சாலை கிழக்கு மேற்காகப் போவதும் நல்லதாயிற்று. வரிசையில் நிற்கும் மரங்கள் பக்கத்து மரத்தோடு குடை முட்டி நின்றுவிடும். சாலைக்குக் குறுக்கே, வெளிப்பக்கமாகத்தான் தாராளமாக வளரும். உண்மையான வளர்ச்சி அந்தத் திசையில்தான் தெரியும்.

செம்பனைக்காட்டான்
சனி, பிற்பகல் 3.25

நான் இப்போது பக்கத்து எஸ்டேட்டில் செம்பனை டிவிஷன் பார்க்கிறேன். அக்கா மரங்களை ஒவ்வொன்றாக அளப்பது சரி. சிலர் மொத்தத் தோட்டத்துக்கும் பச்சை எத்தனை விழுக்காடு கூடியது, குறைந்தது என்று கணக்குப் போடுகிறார்கள். நம் இடத்தில் அதை இரண்டே படத்தை வைத்துச் சொல்லக் கூடாது. ரப்பர் நட்டு ஐந்தாறு வருஷத்தில் குடை மூடிவிடும், இருபத்தைந்து முப்பது வருஷத்தில் தள்ளிவிட்டு மறுபடி நடுவார்கள். செம்பனையும் அப்படித்தான். குடை ஏறும், ஒரே நாளில் பூஜ்யமாகும், திரும்ப ஏறும். முதல் படம் மறுநடவு நேரத்தில் விழுந்து, அடுத்தது பதினைந்து வயதுக் காட்டில் விழுந்தால் காடு வளர்ந்துவிட்டது என்று தோன்றும். மாற்றி விழுந்தால் அழிந்துவிட்டது என்று தோன்றும். இரண்டும் உண்மை இல்லை.

இன்னொரு பொறி, மூடுபயிர்க் கொடி. மறுநடவு நிலத்தில் பியூராரியா படர்ந்தால் மேலிருந்து முழுப் பச்சை. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது வழவழப்பாக, துணி விரித்தது போல இருக்கும். மரக்குடை சொரசொரப்பாக, மணல் மாதிரி இருக்கும். நிறத்தை விட்டுவிட்டு அந்தச் சொரசொரப்பைப் பாருங்கள். முற்றின செம்பனை ஒவ்வொன்றும் நட்சத்திரம் மாதிரித் தெரியும், 9 மீட்டர் முக்கோண நடவு, ஹெக்டருக்கு 140 சொச்சம்.

இலைநரம்பு
சனி, மாலை 5.50

அண்ணன் சொல்வது முழுக்கச் சரி. விழுக்காடுதான் வேண்டும் என்றால் புள்ளி முறை இருக்கிறது. படத்தின் மேல் கண்ணை மூடிப் போட்டது போல 400 புள்ளிகள் தூவி, ஒவ்வொன்றும் மரத்தின் மேல் விழுந்ததா இல்லையா என்று எண்ணுவது. 30 விழுக்காடு வந்தால் அதன் திட்டப்பிழை சுமார் 2.3. ஐ-ட்ரீ கேனபி என்ற இலவசக் கருவி இதைத்தான் செய்கிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் ஒரு கட்டம் 30 மீட்டர். அக்காவின் ஒரு மரமே ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

அளவுச்சங்கிலி
ஞாயிறு, காலை 9.00

இப்போது இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். தங்கச்சி, மரத்தை அளப்பதற்கு முன்னால் வளராத ஒன்றை அளந்து பாருங்கள். தண்ணீர்த் தொட்டி வட்டமானது என்றீர்கள். இதைவிட நல்லது கிடைக்காது, மரக்குடையும் வட்டம்தான். தொட்டியை நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். அந்த எண்ணை யாரிடமும் சொல்லாமல், மூன்று பேரை வைத்துப் படத்தில் அதே தொட்டியை ஆளுக்கு ஐந்து தடவை அளக்கச் சொல்லுங்கள். எவ்வளவு தள்ளிப் போகிறதோ அதுதான் உங்கள் பிழை. மரம் அதைவிட அதிகம் வளர்ந்திருந்தால் வளர்ச்சி என்று சொல்லலாம். அதற்குள் அடங்கினால் வாய் திறக்கக் கூடாது.

லயத்துப்பிள்ளை
புதன், இரவு 10.35

தொட்டிக் கணக்கு வந்துவிட்டது. முதலில் அளவுகோல். ரயில் மதகிலிருந்து சாலைச் சந்திப்பு வரை படத்தில் 41.3 மில்லிமீட்டர், தரையில் 1,028 மீட்டர். வகுத்தால் 24,900 வருகிறது. உயரமானிக் கணக்கு 24,800. இவ்வளவு நெருங்கி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தொட்டியின் நிஜக் குறுக்களவு 9.1 மீட்டர். அம்மா நாடாவின் ஒரு நுனியைப் பிடித்தார், பாசி வழுக்கியது. படத்தில் நான், தம்பி, பக்கத்து வீட்டு அக்கா மூவரும் அளந்தோம். 15 அளவில் மிகக் குறைந்தது 8.2, மிக அதிகம் 10.2. சராசரி 9.3. அப்படியானால் என் கை ஒரு மீட்டர் வரை இங்கும் அங்கும் போகும். இனி எதைச் சொன்னாலும் கூட்டல் கழித்தல் 1 மீட்டர் என்று பக்கத்தில் எழுதுகிறேன்.

தம்பி டிரோன் விடலாம் என்கிறான். யாராவது அனுபவப்பட்டவர்கள் இருக்கிறீர்களா?

அளவுச்சங்கிலி
புதன், இரவு 11.05

வேண்டாம். வான்படம் எடுக்க ஜூபெம், அதாவது நில அளவை, வரைபடத் துறையின் அனுமதி தேவை, பறப்பதற்கு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் வேறு. அனுமதி இல்லாமல் எடுத்த படத்தைக் கொண்டுபோய் அலுவலக மேசையில் வைத்தால் பேச்சு மரத்தை விட்டு டிரோனுக்குப் போய்விடும். இன்றைய குடையை அளக்க வானம் தேவையே இல்லை. ஒருவர் நாடாவோடு வடக்கு விளிம்புக்குக் கீழே நிற்கட்டும், ஒருவர் தெற்கு விளிம்புக்குக் கீழே. தலையை நேராக நிமிர்த்தி, கடைசிக் கிளையின் நுனி உச்சந்தலைக்கு மேலே வரும்வரை நகருங்கள். அவ்வளவுதான்.

அதே மரங்களை இன்றைய செயற்கைக்கோள் படத்திலும் அளந்து நாடாக் கணக்கோடு ஒப்பிடுங்கள். மேலிருந்து பார்த்தால் மெல்லிய நுனிகள் தெரியாது, எப்போதும் சற்றுக் குறைத்தே காட்டும். பழைய படத்தை நாடாவோடு ஒப்பிட்டால் வளர்ச்சி கூடுதலாகத் தெரியும். படத்தோடு படத்தை ஒப்பிடுவதுதான் நியாயம்.

லயத்துப்பிள்ளை
ஞாயிறு, இரவு 8.20

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மரத்தடியில்தான். கழுத்து வலிக்கிறது, மனசு நிறைந்திருக்கிறது. நாடாவில் வந்ததைவிடச் செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு மரமும் ஒரு மீட்டர் வாக்கில் குறைவு, அண்ணன் சொன்னபடியே. கீழே உள்ளது எல்லாம் படத்துக்குப் படம்.

11 மரங்களின் சராசரிக் குடை அன்று 17.2 மீட்டர், இன்று 25.1 மீட்டர். அகலம் எட்டு மீட்டர் கூடியது என்று கேட்டால் பெரிதாகத் தோன்றாது. பரப்பாக மாற்றிப் பார்த்தேன். ஒரு மரத்தின் குடைப் பரப்பு சுமார் 232 சதுர மீட்டரிலிருந்து 495 ஆகியிருக்கிறது, இரண்டு மடங்குக்கும் மேல். நிழல் நீளத்திலிருந்து மூன்றாம் மரத்தின் உயரம் அன்றைக்கே 18 மீட்டர் வாக்கில்.

ஆனால் எல்லா மரமும் வளரவில்லை. தெற்கு வரிசையில் எட்டும் ஒன்பதும் அன்று 18, இன்று 18.6, 19. என் பிழைக்குள் அடங்கிவிட்டது, வளர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஏன் இந்த இரண்டு மட்டும் நின்றுபோயின?

நேர்க்கேள்வி சகோதரருக்குப் பதில் கிடைத்துவிட்டது. மரங்களுக்கு இடையிலான தூரம் சீராக இல்லை. வடக்கு வரிசையில் 14, 22, 15, 19, 14. பழைய படத்திலும் இதே வரிசை, ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குள். வெட்டிவிட்டுப் புதிதாக நட்டவர்கள் இப்படிக் கோணல் மாணலாக அதே இடங்களில் வைத்திருப்பார்களா?

பழைய கிராணி
திங்கள், காலை 6.40

எட்டும் ஒன்பதும் நின்றுபோனதற்குக் காரணம் மின்கம்பி அம்மா. லயத்துக்குக் கரண்டு கொண்டுவந்தபோது தெற்குப் பக்கம் கம்பம் நட்டார்கள். அந்த இரண்டு மரத்தின் கிளையும் கம்பியில் உரசும். அதிலிருந்து வருஷா வருஷம் ஆள் வந்து வெட்டிவிடுவார்கள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தக் கிளையை இழுத்துப்போய் விறகுக்கு வைத்துக்கொள்வதற்குச் சண்டையே நடக்கும், உன் அம்மாவைக் கேள்.

நேர்க்கேள்வி
திங்கள், காலை 9.15

இடைவெளிக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். படம் எடுத்தபோது மரம் சாய்ந்து தெரியும் என்றார்களே, அது இந்தக் கணக்கைக் கெடுக்காதா?

அளவுச்சங்கிலி
திங்கள், மதியம் 12.50

கெடுக்காது. சாலை படத்தின் நடுவிலிருந்து 3 சென்டிமீட்டர்தான் தள்ளி இருக்கிறது. 18 மீட்டர் மரம் அங்கே சுமார் மூன்றரை மீட்டர் வெளியே சாயும். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், ஏறக்குறைய ஒரே உயரமுள்ள மரங்கள் எல்லாம் ஒரே பக்கம், ஒரே அளவு சாயும். இடைவெளி அப்படியே நிற்கும்.

நடுவில் ஒரு படமாவது இருந்தால் இன்னும் பலம். அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள் 1960 முதல் 1972 வரை எடுத்தவை, 1995-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதற்கடுத்த ஹெக்சகன் இன்னும் கூர்மை, 1971-இலிருந்து 1984 வரை ஓடியது. அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் எர்த் எக்ஸ்புளோரர் தளத்தில் தேடலாம். ஏற்கெனவே ஸ்கேன் ஆனவை இலவசம், இல்லாவிட்டால் ஒரு படத்துக்கு 30 டாலர். நம் ஊரில் மேகம்தான் எதிரி. எண்பதுகளுக்கு ஜூபெம்மில் விண்ணப்பித்துக் கேளுங்கள்.

விண்ணப்பம் போடும்போதே 1976-ஆம் ஆண்டின் 172-ஆம் சட்டத்தையும் பாருங்கள், நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். அதில் 35எச் பிரிவு. சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை வெட்ட உள்ளூர்த் திட்டமிடல் ஆணையத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். உங்கள் மரங்களின் சுற்றளவு எவ்வளவு?

லயத்துப்பிள்ளை
திங்கள், இரவு 9.55

மிகச் சிறியது 3.4 மீட்டர், மிகப் பெரியது 4.9.

இன்றைக்கு இன்னொன்று நடந்தது. 2400-இல் எடுத்த ஸ்கேனை அம்மாவிடம் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாலையில் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனவர், "பன்னிரண்டு" என்றார். நான் நிழலைச் சேர்த்து எண்ணிவிட்டார் என்று நினைத்தேன். மறுபடி எண்ணினோம். பன்னிரண்டுதான். வடக்கு வரிசையில் 22 மீட்டர் இடைவெளி என்று எழுதினேனே, அந்த இடத்துக்குச் சற்று வெளியே, வரிசையை விட்டு விலகி ஒன்று நிற்கிறது. 16 மீட்டர் குடை. இன்றைக்கு அங்கே வெறும் புல்.

கிராணி ஐயா, இது எந்த மரம்?

பழைய கிராணி
செவ்வாய், காலை 6.05

அதைக் கண்டுபிடித்துவிட்டீர்களா! பெரட்டு மணி தொங்கிய மரம் அது. 1974-இல் இடி விழுந்து பாதி பிளந்தது. பிள்ளைகள் மேல் விழும் என்று துரை வெட்டச் சொன்னார். அடிமரத்தை ஆசாரி அறுத்து ஆபீஸ் வாசலுக்கு ஒரு பெஞ்சு செய்தார். ஆபீஸ் மூடியபோது பெஞ்சைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டோம். பின்பக்கம், தேர்க் கொட்டகை ஓரமாகக் கிடக்கும் பார். ஒட்டுப்போடாத ஒரே பலகை.

இலைநரம்பு
செவ்வாய், காலை 8.30

அக்கா, உடனே போய் அந்தப் பலகையின் அகலத்தை அளங்கள்! நம் தட்பவெப்பத்தில் வளையத்தை எண்ணி வயது சொல்வது நம்பகமில்லை. ஆனால் ஒரே பலகை என்றால், 1974-இல் அந்த அடிமரம் குறைந்தது அவ்வளவு அகலம் இருந்திருக்க வேண்டும். படத்தில் 16 மீட்டர் குடை, கையில் அதே மரத்தின் பலகை. இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

லயத்துப்பிள்ளை
செவ்வாய், மாலை 6.40

வேலை முடிந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். பெஞ்சு இருக்கிறது. மேலே எண்ணெய் டின்னும் மாவிலைக் கட்டும் வைத்திருந்தார்கள், பூசாரி எடுத்துக் கொடுத்தார். தலைகீழாகப் புரட்டிப் பார்த்தால் ஆசாரியின் பென்சில் கோடுகூட அழியவில்லை. மூன்று இடத்தில் அளந்தேன். 71, 68, 70 சென்டிமீட்டர். நாடாவை வைத்துப் படம் எடுத்திருக்கிறேன், நாளை ஜூபெம் விண்ணப்பத்தோடு அதையும் இணைக்கிறேன். மணி ஆறரை தாண்டியிருந்தது, பதினொரு மரமும் இலையை மூடியிருந்தன.